பொட்டலைக் கூட்டி வைத்த நாள்

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு நடுவே இருக்கும் பொட்டலில் மேல்மாடியோடு ஒரு கடைக் கட்டடமும் அதையொட்டி ஒரு பூங்காவும் கட்ட நகரசபை தீர்மானித்தது.

2. இடத்தை அளக்க ஓவர்சியர் வருகிறார் என்று முதல் நாளே தெருவுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

3. அதிகாரி வருகிறாரே என்று தெருப் பெண்கள் விடியுமுன் எழுந்து, பொட்டலில் இருந்ததையெல்லாம் அள்ளி வீட்டுக்குள் வைத்து, கூட்டி, சாணம் தெளித்து, கோலமும் போட்டார்கள்.

4. ஓவர்சியர் வந்தார், அளந்தார், கொடுத்த கலர் சோடாவைக் குடித்தார். வரைபடத்தில் ‘உபயோகத்தில் இல்லாத காலி இடம்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

5. அன்று அள்ளி உள்ளே வைத்தவை, தெருப் பெண்கள் ஒட்டி வெயிலில் காயவைக்கும் தீப்பெட்டிகள். என் அக்காவுடையவையும் அவற்றில் உண்டு.

6. ஆட்சேபணை சொல்வதற்கான கெடு முடிவதற்குள் நான் விடுமுறையில் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

7. ஆட்சேபணை கொடுத்தோம். விசாரணை நடந்தது. நான் கப்பலேறித் திரும்பி வந்தேன்.

8. போன செவ்வாய்க்கிழமை, இங்கே இங்கிலாந்தில், ஓர் அம்மாள் தன் வாசற்படியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை, இதைப் படிக்கிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் இருப்பார்கள்.

*

நான் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை நகரம். கணவருக்கு இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு நகரசபையின் வரைபட அலுவலகத்தில். சென்னையில் கட்டட வரைபடப் படிப்பை முடித்து வந்தவள் நான். சான்றிதழை இங்கே கொடுத்தேன். பல மாதம் கழித்து, அது இந்நாட்டுப் படிப்புக்குச் சமம் என்று உறுதி செய்ய இயலவில்லை என ஒரு கடிதம் வந்தது. அதனால் ட்ரேசர் வேலை கிடைத்தது. ஆண்கள் பென்சிலால் வரைந்து தருவதை, மேலே ஊடே தெரியும் மெல்லிய துணி விரித்து மையால் படியெடுக்கும் வேலை. ஒரு நீளமான அறையில் நாங்கள் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம். கோடு தப்பாக இருந்தாலும் தப்பாகவே இழுக்க வேண்டும். திருத்தினால் கேள்வி வரும்.

இந்த வருடம் நான் படியெடுப்பது ஒரு பழைய பேட்டையின் நடுப்பகுதி. ஒரு வரிசைச் சிறு கடைகள், ஒரு பொதுச் சலவைக்கூடம், பின்னால் ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு தெரு வீடுகள். எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதுக் கடைவளாகமும் அடுக்கு வீடுகளும் வரப்போகின்றன. குடியிருப்பவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். வீடுகளில் பகலில் பெண்கள் தனியாக இருப்பதால் சர்வேயரோடு ஒரு பெண்ணும் போவது நல்லது என்று என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு ஒவ்வொரு வாசலிலும் நின்று, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். நம் ஊர்ப் பழக்கம் நாக்கில் ஆங்கிலமாக வந்துவிட்டது. மூன்றாவது வீட்டில் ஹாலிடே என்ற அம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தட்டில் பிஸ்கட் கொண்டு வந்தார். பசியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். சர்வேயர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாளின் படிதான் அப்படிப் பளபளத்தது. படி தேய்க்கவென்றே விற்கும் மஞ்சள் கல்லால் தேய்த்திருந்தார். கதவுக் குமிழையும் துலக்கியிருந்தார். அந்தத் தெருவில் வழக்கமாக இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவருக்குக் கயிறு கட்டித் துணி தொங்கும். பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறேன். அன்று ஒரு கயிறு இல்லை, ஒரு துணி இல்லை. நகரசபையிலிருந்து ஆள் வருகிறார் என்று எல்லாப் பெண்களும் எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். ஈரத் துணியின் வாடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. சர்வேயர் தம் தாளில், ‘துணி உலர்த்தும் இடம்: தேவை காணப்படவில்லை’ என்று எழுதினார்.

திரும்பும்போது நான் மட்டும் பின்தங்கி, அடுத்த வாரம் மறுபடி வருவோம், அப்போது துணியை எடுக்காதீர்கள் என்று ஹாலிடே அம்மாளிடம் சொன்னேன். தன் உள்பாவாடையை நகரசபை பார்க்க வேண்டுமா என்று கேட்டார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என் அக்காவும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

*

வெளியூர்க்காரர்களுக்குப் பொட்டல் என்றால் வெறும் நிலம். எங்கள் தெருவுக்கு அது வெயில் விழும் ஒரே இடம். வீடுகள் தாழ்ந்த ஓட்டு வீடுகள். மொட்டை மாடி யாருக்கும் கிடையாது. சந்தில் வெயில் வந்து போகும் நேரம் கொஞ்சம்தான்.

தீப்பெட்டிக் கம்பெனி ஆள் மெல்லிய மரச்சீவலும் நீலத் தாளும் கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவார். பெண்கள் பசை காய்ச்சி, சீவலை மடித்து, தாளைச் சுற்றி ஒட்டுவார்கள். கூலி குரோஸ் கணக்கு, குரோஸுக்கு நூற்று நாற்பத்துநான்கு பெட்டி. ஒட்டிய பெட்டி அன்றைக்கே வெயில் பார்க்க வேண்டும். நிழலில் காய்ந்தால் கோணிக்கொள்ளும், ஈரம் நின்றால் பூசணம் பூக்கும், கம்பெனி திருப்பிவிடும். அதனால் காலை எட்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை பொட்டல் முழுக்கப் பாயும் சாக்கும்தான். காற்றடித்தால் நீலப் பெட்டிகள் உருளும், யாராவது ஓடிப் பிடிப்பார்கள்.

என் அக்கா சண்முகத்தாய் அதற்கு முன்னால் வெடி ஆலையில் இருந்தவள். மருந்து செலுத்தும் அறையில் வேலை. ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் பக்கத்து அறை பற்றிக்கொண்டது. அங்கே இருந்தவர்களில் இருவர் எங்கள் தெரு. அதற்குப் பிறகு அக்கா அந்த வாசலை மிதிக்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. பெட்டி ஒட்டினால் கூலி குறைவு, ஆனால் வீட்டு வாசலில் வேலை. பொட்டல் போனால் பெட்டி வேலை போகும். பெட்டி வேலை போனால் ஆலைதான். எங்கள் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று கிடையாது.

அத்தான் பால்ச்சாமிக்கு அதே பொட்டலின் ஓரத்தில் தகரக் கொட்டகையில் பலசரக்குக் கடை. மழை வந்தால் பருப்பு மூட்டையைக் கட்டில் மேல் ஏற்ற வேண்டும். எலித் தொல்லை வேறு. புதுக் கட்டடத்தில் இரும்புக் கதவும் மின்விளக்கும் வைத்த கடைகளை, ஏற்கெனவே அங்கே வியாபாரம் செய்கிறவர்களுக்கே முதலில் ஒதுக்குவோம் என்று நகரசபை சொல்லியிருந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு ஆசை.

ஊர் போன முதல் வாரம் பொட்டல் குழாயடியிலும் கடை வாசலிலும் எல்லோரும் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாத்தியாருக்கு மேல்மாடியில் ஒரு வாசகசாலை வேண்டும். ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து பருத்தியும் வத்தலும் விளைவித்துக் கொண்டுவரும் சம்சாரிகளுக்கு வண்டி நிறுத்தி இறக்க இடம் வேண்டும், நிழலும் வேண்டும். இளவட்டங்களுக்குப் பூங்காவும் ரேடியோவும். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளுக்கு இன்னொரு குழாய். யாரும் தப்பாகக் கேட்கவில்லை. படிப்பின்படி பார்த்தால் நகரசபைப் படமும் மோசமில்லை. நானே வரைந்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரைந்திருப்பேன். அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கட்டடத்தின் நிழல் காலையில் எதுவரை விழும், பிற்பகலில் எதுவரை விழும் என்று கணக்குப் போட்டு ஒரு படம் வரைந்து, ஆட்சேபணையோடு கொண்டு போனேன். நகரசபை எழுத்தர் மரியாதையானவர். நாற்காலி போட்டார். ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும், படத்தில் இருக்கக் கூடாது என்றார். பிறகு, ஆட்சேபிக்கிறவர் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்க வேண்டும் என்றார். பொட்டலில் பெட்டி காயவைக்கும் பெண்களில் ஒருத்தி பெயரிலும் ரசீது கிடையாது. எல்லாம் புருஷன் பெயர், மாமனார் பெயர், செத்துப்போன மாமனார் பெயர்.

ஆக, அக்காவின் ஆட்சேபணையில் அத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அப்போதுதான் கடை கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருந்தார்.

அக்கா வாய்விட்டுக் கையெழுத்துக் கேட்கவில்லை. காகிதத்தைக் கொண்டு போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கண்ணாடி போட்டுப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு தன் மனுவையும் எடுத்து அதிலும் போட்டு, இரண்டையும் என்னிடமே கொடுத்து, போகிற வழியில் சேர்த்துக் கொடுத்துவிடச் சொன்னார்.

இதைக் கேட்டதும் பேச்சியம்மாள் விடவில்லை. “ஒங்க அத்தான் ஒரு கையில கடை கேக்காரு, மறு கையில பொட்டல் கேக்காரு. ரெண்டு கையும் நெறஞ்சுட்டா சோத்த எதால அள்ளுவாராம்?” என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

*

மதுரையிலிருக்கும் ஜில்லா அலுவலகத்திலிருந்து பெரிய இன்ஜினீயரே நேரில் வந்து விசாரிப்பார் என்று அறிவிப்பு வந்தது. முதல் நாள் சாயங்காலம் அக்கா வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடினார்கள். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். கூட்டாதீர்கள், எடுக்காதீர்கள், பெட்டி தினமும் கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும்.

“சீமைக்குப் போன புள்ள, அதிகாரி வரும்போது வாசலக் கூட்டாதங்குது. அங்கன அப்படித்தான் மரியாத செய்வாகளோ?” என்றாள் பேச்சியம்மாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். “பெட்டி கெடக்கட்டும், சரி. அதுக்காக வீட்டுக்கு வர்ற மனுசர் குப்பையில காலு வச்சா வருவாரு? நமக்குத்தான அசிங்கம்?”

பெட்டியை எடுப்பதில்லை என்பதில் மட்டும் ஒத்துக்கொண்டார்கள். அது போதும் என்று நினைத்துத் தூங்கப் போனேன்.

காலையில் பொட்டலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பெட்டிகள் இருந்தன. ஆனால் நூல் பிடித்த மாதிரி வரிசையில் இருந்தன. கிழிந்த சாக்குகள் எங்கோ போய், நல்ல பாய்கள் மட்டும் வந்திருந்தன. உள் பெட்டி ஒரு பக்கம், மேல் பெட்டி ஒரு பக்கம். பாய்களுக்கு நடுவே தண்ணீர் தெளித்து நடைபாதை. அதன் இரு ஓரமும் கோலம். நடுவில் வாத்தியார் வீட்டு நாற்காலி, அதன் மேல் வெளுத்த துண்டு.

இன்ஜினீயர் ஓவர்சியரோடு வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். நல்ல மனிதர்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

“பொருட்காட்சி மாதிரி இருக்கே. எனக்காக வச்சீங்களா?”

“ஆமாய்யா, ஒங்களுக்காகத்தான்” என்றாள் பேச்சியம்மாள், மனசார. “விடியக்காலமே எந்திரிச்சு அடுக்குனோம்.”

ஓவர்சியர் குனிந்து எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. தினமும் இப்படித்தான் காய்கிறது என்று நான் குறுக்கிட்டுச் சொன்னேன். நீங்கள் இந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களா என்று இன்ஜினீயர் கேட்டார். இங்கிலாந்தில் என்றேன். அப்படியா, சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

அடுத்த தாளில் அத்தானின் இரண்டு மனுக்களும் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தான் கடையிலிருந்து இறங்கி வந்தார்.

“நீங்களே ஆட்சேபணையும் கொடுத்திருக்கீங்க, கடையும் கேட்டிருக்கீங்க. இதுல எது உங்க கருத்து?”

“ரெண்டும்தான்யா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்ஜினீயர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஒரு வீட்டு வரி ரசீதுக்கு ஒரு கருத்துத்தான் பதிவு செய்ய முடியும், இரண்டு எழுதினால் மேலே இரண்டையுமே தள்ளிவிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்.

அத்தான் தன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொட்டகைத் தகரத்தில் போன மழைக்கு வைத்த தார் ஒட்டு தெரிந்தது. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு பாயிலிருந்த பெட்டிகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள், அவை புரட்ட வேண்டிய நேரம் இன்னும் ஆகாமலிருந்தும்.

“பொட்டல்னே எழுதுங்கய்யா” என்றார்.

ஓவர்சியர் கடை மனுவின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான் விசாரணை. மற்றவர்களையும் கேட்டார்கள். இன்ஜினீயர் சாத்தூருக்குப் போக வேண்டுமென்று கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானைப் பிடித்துக்கொண்டாள். “ஒங்கள யாரு அப்படிச் சொல்லச் சொன்னா? நான் கேட்டனா? வந்த கடையும் போச்சா?”

அத்தான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பகலில் எங்காவது ஓர் ஆலையில் வெடியைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் கேட்டபடிதான் இருக்கும். பழகியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“நீ உள்ள வேல பாத்தப்ப ஒவ்வொரு சத்தத்துக்கும் கடையப் போட்டுட்டு ரோட்டுல வந்து நிப்பேன். ஆளுக சிரிப்பாக. திரும்ப அப்படி நிக்க எனக்குத் தெம்பு கெடையாது. சோத்தப் போடு” என்றார்.

அக்கா போட்டாள்.

*

எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள், பொன்னி. ஊருக்கு என்னோடு வந்தவள். அங்கே இருந்த ஆறு வாரத்தில் “பெரியம்மா, பசிக்குது” என்று தமிழில் கேட்கக் கற்றிருந்தாள். கப்பலிலேயே அதில் பாதி போய்விட்டது. சில நாளைக்கு முன் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டல் புகைப்படத்தைப் பார்த்து, ஊஞ்சல் எங்கே, சறுக்குமரம் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அது பெரியம்மா வேலை செய்யும் இடம் என்றேன். அங்கே ஒன்றுமே இல்லையே என்றாள். வாத்தியார் எடுத்த படம் அது, கோடை மழை வந்து பெட்டிகளை அள்ளிய நேரம். படத்தில் ஒன்றும் இல்லைதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் செய்தி கேட்பார், நான் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடப்பேன். என்ன என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். பகலில் அலுவலகத்தில் ஹாலிடே அம்மாளின் தெருவைப் படியெடுக்கிறேன். துணி உலர்த்தும் இடத்துக்கு அந்தப் படத்தில் ஒரு குறியும் இல்லை. ஆண்கள் வரைந்து தந்ததில் இல்லாத கோட்டை நான் போட முடியாது. மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன். குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும், ட்ரேசர் சொல்வது கருத்தில் சேராது என்றார். வரும் வாரம் மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போகிறோம். கயிறு கட்டியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

ஊரில் இருந்தபோது அக்காவிடம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் இங்கே படிக்கட்டில் ஏறும்போது வாயில் வருகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இதை எழுதினேன். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அதிகாரி வரும் நாள் வரும். அன்று வீட்டைக் கூட்டுங்கள், பொட்டலை விட்டுவிடுங்கள்.

அக்காவின் மகள் எழுதியபடி இன்றைய நிலவரம் இது. ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டு, கட்டடத்தை மேற்குப் பாதியோடு நிறுத்த உத்தரவாகியிருக்கிறது. சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. கிழக்குப் பாதி, பூங்காவுக்குப் பணம் வரும்வரை சும்மா கிடக்கும். அதில் காலை வெயில் நன்றாக விழுகிறது. மேல்மாடி எழும்பினால் பிற்பகல் வெயில் இருக்காது. கம்பெனி ஆள் இப்போதே பாதிச் சரக்குத்தான் தருகிறார். கடை ஒதுக்கப்பட்டவர்கள் பட்டியலில் அத்தான் பெயர் இல்லை. கட்டடம் முடிந்ததும் தகரக் கொட்டகையை எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பேச்சியம்மாள் தை மாதத்திலிருந்து வெடி ஆலைக்குப் போகிறாள்.

அக்கா இன்னும் போகவில்லை.